உன் இடது முழங்கையைப் பற்றி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். யாழினியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு இரண்டு வீட்டாரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு தீம் பார்க் போவதாகச் சொன்னாய். நம் பக்கத்தில் யார் யார் வருவார்கள் என்று கேட்டாய். நான் தேன்மொழியையும் உன் பெரியம்மாவையும் சொன்னேன். "தேன்மொழி வரட்டும்மா. பெரியம்மா வேணாம். சின்னப் புள்ளைங்க இருக்கிற எடம். அவங்ககிட்ட நான் பட்டது போதும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். அந்த விளையாட்டை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நீ "விடும்மா, பழசு" என்பாய். நானும் விட்டுவிடுவேன். முப்பது வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதினால் நடுவில் யாரும் தடுக்க மாட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை முட்டை, எத்தனை கிலோ அரிசி என்று ஆயுள் முழுக்க எழுதியவள் நான். அதே மாதிரி இதையும் நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நீ பிறந்து நாலாம் மாதம் எனக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அதில் பாதி என் பத்தாம் வகுப்புப் படிப்பால் வந்தது. மறுபாதி, உங்கப்பா இரண்டு தேர்தலுக்குக் கட்சிக்காகச் சுவர் எழுதியதால் வந்தது. பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில். காலை எட்டு மணிக்கு வரப்பு வழியாக நடந்து போனால், பிள்ளைகள் சாப்பிட்டு, அண்டா கழுவி, கணக்கு எழுதி, நான் வீடு திரும்ப மூன்று மணியாகும். அப்போது நாம் எல்லோரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. உன் பெரியம்மாவுக்கு நீ பிறந்த அதே மாதத்தில்தான் தேன்மொழி பிறந்தாள். அவள் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் என்று இரண்டு பேருக்கும் பெரியம்மாதான் பால் கொடுத்தாள். நான் கேட்டு அவள் கொடுக்கவில்லை. முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு ஓட்டமாக ஓடி வந்தபோது நீ பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாய். "பசிச்சு அழுதான், கொடுத்துட்டேன். ஒனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அவள் கேட்டாள். ஒன்றும் இல்லை அக்கா என்றேன்.

உனக்குப் பேச்சு வந்தபோது அவளை அம்மா என்றாய். என்னை டீச்சர் என்றாய். தெருவில் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு வந்த பழக்கம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பெரியம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் உன்னைத் திருத்துவாள். "நான் பெரிம்மாடா. அதுதான் அம்மா." நீ கேட்டால்தானே.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது புரியாது. நாம் சாகுபடி செய்கிற ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர், மடத்துக்குச் சொந்தம். உன் தாத்தாவின் குத்தகை அது. முன்பு மடத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு மிராசுதார் இருந்தார். தாத்தாவைக் கிளப்பிவிட்டு வேறு ஆளை விடுவதற்காக, ஒரு தை மாதம் ஆள் கூட்டி வந்து விளைந்த கதிரை அறுக்கப் பார்த்தார். தாத்தா குறுக்கே போய் நின்றார். அடிதடியாகித் திருவாரூர் ஜெயிலில் பதினோரு நாள் இருந்தார். அந்தப் பதினோரு நாளும் வயலில் காவல் கிடந்தது உன் பெரியப்பா. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடம் போகவே இல்லை. உங்கப்பாவைப் படிக்கவைத்தார்கள். பிற்பாடு குத்தகைக்காரர்களின் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதியும் சட்டம் வந்ததும், தாத்தா தன் பெயரைப் பதிந்துகொண்டார். அதுவே அந்த வீட்டின் பெரிய சொத்து.

தாத்தா காலமானதும் வாரிசுகள் பெயருக்கு அதை மாற்ற வேண்டியிருந்தது. உங்கப்பா பெரியப்பாவிடம் "நான் பாத்துக்குறேன் அண்ணே" என்றார். பிறகு கட்சிக்காரர் ஒருவர் சொன்ன யோசனைப்படி, தன் ஒருவர் பெயரை மட்டும் பதியச் சொல்லி மனுக் கொடுத்தார். தகப்பனாருக்குப் பின் நான் மட்டுமே நேரடியாகச் சாகுபடி செய்து வருகிறேன், தமையனார் டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிறார் என்று அதில் இருந்தது. பெரியப்பா உழவுக் காலத்தில் இன்னொருவருடைய டிராக்டரை ஓட்டியது உண்மை. மற்றதெல்லாம் பொய். அந்த மனுவை எழுதியது என் கை. உங்கப்பா கையெழுத்து கோணலாக இருக்கும் என்பதால் என்னை எழுதச் சொன்னார். "இது சரியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "ஒனக்கும் ஒரு புள்ள இருக்கான்ல" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் தாம்பரத்தில் உன் அத்தையின் புதுமனை புகுவிழா. எல்லோரும் போனோம். மறுநாள் இரவுதான் ஊர் திரும்ப வேண்டும். அதற்குள், குழந்தைகள் பார்க்கட்டும் என்று அத்தை வீட்டுக்காரர் ஒரு வேன் பேசிப் பக்கத்திலிருந்த ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போனார். உனக்கும் தேன்மொழிக்கும் அப்போது மூன்று வயது முடியவில்லை. அத்தையின் இரண்டும் உங்களைவிடச் சின்னது. உன் பெண்ணை அழைத்துப் போகும்போது இதைக் கவனித்துக்கொள்: அவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பெரியவர்கள்தான் வாயைப் பிளந்து பார்த்தோம். கரடி வேஷம் போட்ட ஓர் ஆள் கை கொடுக்க வந்தான். நான்கு குழந்தைகளும் ஒரே நேரத்தில் அலறின. வாசலில் வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்றார்கள். பெரியம்மா விடிவதற்குள் எழுந்து கிளறிய புளிச்சோறு ஒரு தூக்கு நிறைய இருந்தது. கொட்ட மனசு வராமல், வண்டி நிறுத்தும் இடத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து எல்லோரும் காலை பத்து மணிக்கே சாப்பிட்டு முடித்தோம். நீ பெரியம்மா கையால்தான் சாப்பிட்டாய்.

உள்ளே செயற்கையாக ஒரு அருவி கட்டியிருந்தார்கள். ஆவணி பிறந்தும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராத வருஷம் அது. குறுவை போய்விட்டது. நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. பெரியப்பா அந்த அருவியின் முன்னால் வெகுநேரம் நின்றார். அங்கே வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு, "ஏன்பா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

"போர்த் தண்ணிங்க. கீழ வுழுந்தத மோட்டார் வச்சு மறுபடி மேல ஏத்திருவோம்."

"எவ்ளோ நேரம் ஓடும்?"

"கூட்டம் இருக்கிற வரைக்கும் ஓடும்."

பெரியப்பா உங்கப்பா பக்கம் திரும்பினார். "கூட்டம் இருந்தா வுடுவாங்களாம்டா. நாமளும் நாலு பஸ்ல ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போயி மேட்டூருக்குக் கீழ நிக்கணும் போலருக்கு." எல்லோரும் சிரித்தோம். அவர் அதோடு நிறுத்தாமல், "வரட்டும், எப்படியும் சம்பாவுக்கு வந்துரும். நீ நாத்தப் பாத்துக்க. உழவு, வரப்பெல்லாம் நான் பாத்துக்குறேன். நெலம் நம்மள வுட்டு எங்க போயிரப் போவுது?" என்றார். உங்கப்பா சிகரெட் வாங்கி வருவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். நான் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் எழுத்து தாலுகா ஆபீஸில் ஏதோ ஒரு மேஜை மேல் கிடக்கிறது என்பது அந்தக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

பிறகு ஆண்கள் ராட்டினம் பார்க்கப் போனார்கள். அத்தை தன் குழந்தைகளுக்கு உடை மாற்றப் போனாள். பெரியம்மா, நான், நீ, தேன்மொழி நான்கு பேரும் குட்டி ரயில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது பெரியம்மா முதலில் ஏறி உங்கள் இரண்டு பேரையும் மடியில் வைத்துக்கொண்டாள். டிக்கெட் கிழிக்கிற பெண் வந்தாள். "ஒரு அம்மாவுக்கு ஒரு கொழந்தைதாங்க. ரெண்டும் ஒங்களுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பையன் இவ புள்ள" என்று பெரியம்மா என்னைக் காட்டினாள்.

நீ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். "இல்ல. இதான் எங்கம்மா. அது டீச்சரு" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படிக் கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே, "டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி எடுக்கணும்" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. பெரியம்மா மேலும் இல்லை. "போடா கண்ணு, அம்மாகிட்டப் போ" என்று அவள் உன்னைத் தூக்கி என் பக்கம்தான் நீட்டினாள். நீதான் விடவில்லை. நான் உன் இடது மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். குழந்தையைப் பெட்டியிலிருந்து இறக்குவதற்கு அவ்வளவு பலம் தேவையில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். முழங்கைக்குள் ஏதோ சொடுக்கியது. நீ முதலில் அழவில்லை, என்னைப் பார்த்தாய். அப்புறம் அழுதாய். உன் கை துணி மாதிரித் தொங்கியது.

முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது பெரியம்மா. தேன்மொழியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அங்கே இருந்த நர்ஸ் உன் கையைப் பார்த்ததுமே, "யாரும்மா புள்ளையோட கையப் புடிச்சு இழுத்தது?" என்று சத்தம் போட்டாள். அதற்குள் யாரோ சொல்லி உங்கப்பா ஓடி வந்துவிட்டார். அவரும் அதையே கேட்டார். அவர் கேட்ட விதம் வேறு. கோபம் வந்தால் இடம் பார்க்காமல் என் மேல் கை ஓங்குகிறவர் அவர். அது உனக்கும் தெரியும். ஒரு தீபாவளியன்று நீயே நடுவில் வந்து நின்றிருக்கிறாய். பெரியம்மா எனக்கு முன்னால் வந்து நின்று, "நாந்தான் தம்பி. அவசரத்துல இழுத்துட்டேன்" என்றாள். அண்ணியிடம் அவரால் என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டாக்டர் வந்து உன் உள்ளங்கையை மேல் பக்கமாகத் திருப்பி, முழங்கையை மடக்கினார். ஒரு நிமிஷ வேலை. "எலும்பு ஒண்ணும் முறியல. மூட்டு லேசா நழுவியிருக்கு. சின்னப் புள்ளைங்களுக்கு இது சகஜம்" என்றார். கால் மணி நேரத்தில் நீ அதே கையில் ஐஸ்கிரீம் வைத்துச் சாப்பிட்டாய். உன் கை ஒரு நாளும் முறிந்ததில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தாம்பரத்துக்குத் திரும்பும்போது வேனில் பெரியம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. ஒருவர் அவசரத்தில் நமக்காக ஒரு பழியை ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் வாங்க இன்னும் கஷ்டமாக இருக்கும். அதற்கு மறுநாள் அதைவிட.

ஐப்பசியில் பெரியப்பா பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவு சொசைட்டிக்குப் போனார். உங்கள் பெயர் பதிவில் இல்லையே, தம்பி பெயர் மட்டும்தானே வந்திருக்கிறது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து சொசைட்டித் தாழ்வாரத்தில் ஊர்க்காரர்கள் நாலு பேர் எங்கள் எல்லோரையும் வரவழைத்துப் பேசினார்கள். பெரியப்பா சத்தம் போடவில்லை. தாலுகா ஆபீஸில் வாங்கி வந்த மனுவின் நகலை என்னிடம் நீட்டி, "இது ஒன் எழுத்துதானம்மா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "நான் சாகுபடி பண்ணலன்னு எழுத ஒனக்கு எப்புடிம்மா கை வந்துச்சு? ஒம்புள்ள எம்பொஞ்சாதி மடியிலதானே கெடக்குறான்" என்றார்.

அங்கே இருந்தவர்கள் உங்கப்பாவைப் பார்த்தார்கள். சொல்ல அவரிடம் நியாயம் ஒன்றும் இல்லை. "அதான் எம்புள்ள கைய முறிச்சாளே ஒம்பொஞ்சாதி. அவ கையில புள்ளையையும் வுட முடியாது, ஒங்களோட கூட்டு வெள்ளாமையும் பண்ண முடியாது" என்று கத்தினார். பேச்சு அப்படியே திசை மாறிவிட்டது. ஒருவர் பெரியம்மாவிடம், "நெசந்தானாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தேன். பிறகு அவள் தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கார்த்திகைக்குள் வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. மேல் ஆபீஸில் மனுப் போடச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். தம்பி மேல் வழக்குக்குப் போகமாட்டேன் என்று பெரியப்பா கடைசிவரை போகவில்லை. மற்றவர்கள் வயலை உழுது பிழைத்தார். ஒன்பது மாவும் நமக்கு விளைந்தது, நீ இன்ஜினீயரிங் படித்தாய். சுவர் வந்த புதிதில் நீ அந்தப் பக்கம் போக அழுதாய். "போவாத, பெரிம்மா கைய ஒடச்சிருவா" என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினேன். நாலு வயதில், யார் கேட்டாலும் இடது கையை நீட்டி "பெரிம்மா ஒடச்சிட்டாங்க" என்று சொல்லப் பழகிவிட்டாய். என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது.

பெரியப்பா இறந்தபோது உங்கப்பா சுடுகாடு வரை போய்விட்டு வந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. என்ன நினைத்தார் என்று என்னிடம் சொல்லவில்லை. கையை இழுத்தது நான் என்று நானும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. உங்கப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அடிக்குப் பயந்து சும்மா இருந்தேன் என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது. இந்த நாலு வருஷமும் வெறும் சோம்பல், வெட்கம்.

நீ பேசியதற்கு மறுநாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் உட்கார்ந்து கெண்டை மீனைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். "அக்கா, தம்பிகிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

"எத?"

"கைய இழுத்தது நான்னு."

அவள் உரசுவதை நிறுத்தவில்லை. "இப்ப எதுக்கு?"

"அவன் ஒங்களப் பத்தி ஒரு மாதிரி பேசுறான்."

"இன்னிக்கு நேத்தா பேசுறான்?" என்றாள். மீனைத் திருப்பிப் போட்டாள். "ஒம்புருசன் அத்தன பேரு முன்னாடி ஒன்னய அடிச்சிருவானேன்னு சொன்னேன். ஒரு மத்தியானத்துக்குச் சொன்னேன் புள்ள. ஆயுசுக்குமா சொன்னேன்?" என்றாள்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "தேன்மொழி புள்ளைய ஒம்மவன் வந்து தூக்கிக் கொஞ்சிட்டுப் போறான். அவன் புள்ளைய நான் இன்னும் ஒரு தடவகூடத் தொடல. நான் கிட்ட வந்தா அவன் அத வாங்கி அந்தப் பக்கம் வச்சிக்கிறான். அவனுக்கே தெரியாம செய்யறான்" என்றாள். மீனை அலசிச் சட்டியில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நானாகத் திரும்பி வந்தேன்.

தாலுகா ஆபீஸில் விசாரித்துவிட்டேன். உங்கப்பா பெயரிலிருந்து பதிவு மாறும்போது, வாரிசான நாம் இரண்டு பேரும் சம்மதம் எழுதிக் கொடுத்தால், பாதியைப் பெரியம்மா, தேன்மொழி பெயரில் பதிய வழி இருக்கிறது என்கிறார்கள். என் சம்மதத்தை எழுதி வைத்திருக்கிறேன். உன்னுடையதை நீதான் எழுத வேண்டும். கட்டாயப்படுத்த மாட்டேன். அந்த நிலத்தில் உன் தாத்தாவுக்கு அடுத்து யார் காவல் கிடந்தார் என்பதை மட்டும் நினைத்துப் பார்த்துவிட்டு எழுது. யாழினியை எங்கே கூட்டிப் போனாலும் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்காதே. அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கு. அவள் யாரிடம் போகிறாளோ போகட்டும்.

சனி, ஞாயிறு தாலுகா ஆபீஸ் இருக்காது. வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடு. குழந்தையையும் கொண்டுவா. முதலில் இங்கே வராதே. பெரியம்மா வீட்டுக்குப் போ. நீயாகப் பேசு. அவள் திட்டினால் கேட்டுக்கொள், நீ என்னை விட்டுக்கொடுத்துப் பேசினாலும் பரவாயில்லை. குழந்தையை அவள் கையில் கொடு. அதன் பிறகும் என்னைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வா. சமைத்து வைத்திருப்பேன். தோன்றாவிட்டால் அப்படியே உன் ஊருக்குத் திரும்பிவிடு. ஏன் வரவில்லை என்று போன் போட்டுக் கேட்க மாட்டேன்.

அம்மா